ஐந்தாவது ஏன்

ஐந்தாம் எண் பாதுகாப்புக் காலணி இல்லை என்றார்கள்.
ஆறுக்குள் இரண்டு காலுறை போட்டு
இருபத்திரண்டு வாரம் நடந்தேன்
ஜூரோங்கில், கார் செய்யும் தளத்தில்.

பூன் லேயில் பேருந்து மாறும்போதே
கழுத்தில் அட்டையை மாட்டிக்கொள்வேன்.
சிவப்புக் கயிறென்றால் பயிற்சி மாணவி.
தொடலாம், திருகலாம்,
கையெழுத்து மட்டும் போடக் கூடாது.

எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை.
அப்பா
வாகன உரிமைச் சான்றிதழின் விலையை
மாதம் இருமுறை
கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்பார்.
"ஏறிடுச்சு" என்பார், முகத்தில் ஒரு திருப்தி.
வாங்காதவருக்கு எந்த விலையும் லாபம்தான்.

தளத்தில் கார்கள் வரிசையாக நகர்வதில்லை.
கூடத்துக்கு ஒன்றாக
பல் மருத்துவரிடம் வந்ததுபோல்
எல்லாக் கதவையும் திறந்துகொண்டு நிற்கும்.
பாகம் சுமந்துவரும் தானியங்கி வண்டிகள்
திருப்பத்தில் ஒரு மெட்டு வாசிக்கும்.
நான்கே சுரம்.
இரண்டாம் வாரம் அது என் வாயில் குடியேறியது.
எம்ஆர்டியில் முணுமுணுத்தால்
பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் நகர்ந்தார்.

என் வேலை, எண்கள்.
ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் இறுக்கம் உண்டு.
குறைந்தால் கழலும்.
மிஞ்சினால் நீளும், நீண்டது
பழைய நிலைக்குத் திரும்பாது.
விரிவுரையில் இதை ஒரு வளைகோடாகப் படித்து
பதினெட்டு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

ஒன்பதாம் வாரம், வியாழக்கிழமை,
பின்னிருக்கைத் தாங்கியின் போல்ட்டுக்கு
நாற்பத்தைந்து நியூட்டன் மீட்டர் என்பதை
ஐம்பத்துநான்கு என்று தட்டினேன்.
வாய்விட்டுச் சொல்லியிருந்தால் தடுக்கியிருக்கும்.
விரல் தட்டியதால்
இரண்டு இலக்கமும் சத்தமில்லாமல்
இடம் மாறி உட்கார்ந்துகொண்டன.

மூன்று கார்கள் அப்படியே போயின.
நான்காவதில் சியூ லான் கையை எடுத்தாள்.
ஜொகூரிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில்
பாலம் கடந்து வருகிறவள்.
நெற்றியில் தலைக்கவசத்தின் கோடு
பத்து மணிவரை அழியாது.
"கிளிக் லேட்டா வருது லா" என்றாள் யாரிடமுமில்லாமல்.
மஞ்சள் பொத்தானை அமுக்கினாள்.

வண்டிகள் நின்றன.
மெட்டு மூன்றாவது சுரத்தில் நின்றது.
பதினொரு நிமிடம்.

திட்டவில்லை யாரும்.
திட்டியிருக்கலாம்.
கழற்றிய போல்ட்டுகளைத் தட்டில் கொட்டினார்கள்.
நீண்டதற்கும் நீளாததற்கும்
கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

ஹைருல் ஒரு படிவம் தந்தார்.
ஐந்து கட்டம், ஐந்திலும் ஒரே கேள்வி.
ஏன் நீண்டது? அளவுக்கு மேல் இறுக்கியதால்.
ஏன் இறுக்கினார்கள்? கணினி சொன்னதால்.
கணினி ஏன் சொன்னது? நான் தட்டியதால்.
ஏன் யாரிடமும் காட்டிச் சரிபார்க்கவில்லை?

'நேரமில்லை' என்று எழுதினேன். அடித்தேன்.
'கேட்டால் எனக்குத் தெரியாதது தெரிந்துவிடும்'
என்று எழுதினேன்.
அடிக்கக் கை போனது. விட்டுவிட்டேன்.

ஐந்தாவது கட்டம் காலியாகவே போனது.

அவர் படித்தார்.
பேனாவால் மேசையில் இரண்டு தட்டு.
பிறகு அந்தக் காலி இடத்தில்
அவருடைய சாய்ந்த எழுத்தில்:
ஒருத்தி தட்டியதைக் கணினி ஏன் அப்படியே ஏற்றது?
பதில் எழுதவில்லை.
கேள்விக்குக் கீழேயே கையெழுத்திட்டார்.

மறுவாரம் திரையில் புதிதாக ஒரு பெட்டி முளைத்திருந்தது,
இன்னொருவர் பெயர் கேட்டு.

இப்போது கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன்.
காலணியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று,
மெட்டைத்தான் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

நேற்று விரைவுச்சாலை நெரிசலில்
என் பேருந்து ஜன்னலுக்குக் கீழே
அதே மாடல், வெள்ளி நிறம்.
அந்த மூன்றில் ஒன்றா, தெரியாது.
பின்னிருக்கையில் ஒரு பள்ளிப்பை மட்டும்.
அதற்கு பெல்ட் போட்டிருந்தார்கள்.

நாற்பத்தைந்து, என்றேன் வாய்விட்டு.
நான் இறங்க வேண்டிய நிறுத்தம்
போயேவிட்டது.